வெற்றி வேண்டும், வென்றவன் வேண்டாமா?

விருத்தாசலத்துச் சூளையிலே வேகும் களிமண்ணுக்குச் சாதி தெரியாது. நெருப்பிலே வெந்து, வெண்ணிறக் கோப்பையாக வெளிவரும்போதும், எந்தக் கை பிசைந்தது, எந்த உதடு பருகப் போகிறது என்று அது கேட்பதில்லை. கேட்பவன் மனிதன்! கேட்கக் கற்றுக் கொடுத்தது சாத்திரம்!

"விளையாட்டிலே ஏது ஐயா சாதி? திறமை இருந்தால் உயரலாமே!" என்று வாய்ப்பந்தல் போடுவோர் உளர். அவர்களைப் பூனா நகரத்துக் கிரிக்கெட் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க அழைக்கிறோம்.

பல்வங்கர் பாலு, தோல் தொழிலோடு பிணைத்துத் தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட சாதியிலே பிறந்தவர். வெள்ளையரின் பூனா கிளப்பிலே மாதம் 4 ரூபாய் கூலிக்கு ஆடுகளத்தைச் சீர் செய்தார்; துரைமார் பயிற்சி பெறப் பந்து வீசினார். வெள்ளையரை வெல்ல வேண்டுமென்ற வேட்கை எழுந்தபோது, பூனா இந்து அணியினர் பாலுவை அழைத்தனர். அழைத்தனர், ஆனால் அணைத்தனரா? களத்திலே அவர் தொட்ட பந்தைத் தாமும் தொட்டனர். தேநீர் வேளையிலோ, மற்றவர்க்குக் கூடத்தினுள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியிலே, குடித்ததும் வீசியெறியும் மண் குவளை! பந்திலே ஒட்டாத தீட்டு, கோப்பையிலே மட்டும் ஒட்டிக் கொண்டதாம்! இதற்குப் பெயர் தர்மமாம்!

1911இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார் அந்த வீரர். அதற்குப் பின்னரும் இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்குத் தரப்படவில்லை. திறமை இல்லையா? இருந்தது. பிறப்புத்தான் 'சரியில்லை'!

1920இல் பம்பாய் நாற்கோணப் போட்டியின்போது, இந்த அநீதியைக் கண்டித்து, அவருடைய தம்பியர் விட்டலும் சிவராமும் அணியை விட்டு விலகினர். அதன் பின்னரே பாலு துணைத் தலைவரானார். 1923இல் விட்டல் தலைவரானார். அவர் தலைமையிலே இந்து அணி ஐரோப்பியரை வீழ்த்தி வாகை சூடிற்று. அந்தத் தலைமை, மேட்டுக்குடியினர் மனமிரங்கி வழங்கிய பிச்சையன்று; மானத்தோடு விலகி நின்று பெற்ற உரிமை!

கடல் கடந்தாலும் காட்சி மாறவில்லை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலே, கிராம்பிளிங் கறுப்பினக் கல்லூரியின் கால்பந்து அணி, எட்டி ராபின்சன் பயிற்சியிலே, 1942ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் தோல்வியே காணவில்லை. எதிரணிகளுக்கு ஒரு புள்ளியும் விட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் அந்த வீரர்களுக்கு, வெள்ளையர் பருகும் குழாயிலே நீர் பருக அனுமதியில்லை! அங்கே நிறம், இங்கே பிறப்பு. இரண்டிடத்தும் தாகத்துக்கே தடை!

தோழர்களே! "திறமையைக் காட்டு, மதிப்புத் தருகிறோம்" என்ற பேச்சிலே வஞ்சகம் ஒளிந்திருக்கிறது. விக்கெட் வீழ்த்தத் தெரியாத உழவனுக்கு, பந்தை உதைக்காத கூலிப் பெண்ணுக்கு மதிப்பில்லையா? அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. எனினும், நம் தமிழகத்துச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளிலே இரட்டைக் குவளை இன்னமும் இருப்பதாகச் செய்திகள் வருகின்றனவே! வெட்கமாயில்லையா?

கண்ட இடத்திலே கேளுங்கள், ஏன் இரண்டு குவளை என்று! விடை கிடைக்கும் வரை விடாது கேளுங்கள்! மானம், வென்றவனுக்கு வழங்கும் பரிசன்று. பிறந்தவர் அனைவர்க்கும் உரிய பொதுவுடைமை!