கோடிப் பத்திரமும் கூலிக்காரன் ஓட்டும்

கூலி கைக்கு வந்த மாலையில் லாட்டரிக் கடை முன் நிற்கும் நம்மவர் தொகை குறையவில்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே தடை செய்யப்பட்ட சீட்டு, இங்கே வங்கத்தில் தெருவுக்குத் தெரு விற்கிறது. அந்தக் காசு எங்கே போய்ச் சேர்கிறது என்பதை நம் குடும்பங்கள் அறிய வேண்டும்.

2018-இல் மத்திய அரசு தேர்தல் பத்திரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கி, விரும்பிய கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் பெயர் ஊருக்குத் தெரியாது. ஆயிரம் ரூபாய்ப் பத்திரமும் உண்டு என்றார்கள். ஏழைக்கும் இடமாம்! விற்ற தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்களே. கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குத் தரக் கூடாது என்ற பழைய வரம்பையும் 2017-லேயே எடுத்துவிட்டிருந்தார்கள்.

2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இத்திட்டத்தை ரத்து செய்தனர். அடுத்த மாதம் பெயர்கள் வெளிவந்தன. முதலிடத்தில் யார்? லாட்டரி வியாபாரம் செய்யும் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம். 1,368 கோடி ரூபாய். அதில் அப்போது தமிழ்நாட்டை ஆண்ட தி.மு.க.வுக்கும், வங்கத்தை ஆண்ட திரிணமூல் காங்கிரசுக்கும் தலா 500 கோடிக்கு மேல். எல்லாக் கம்பெனிகளிடமிருந்தும் மிக அதிகம் பெற்றது டில்லியில் ஆண்ட பாரதிய ஜனதா. ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 6,000 கோடி. கொடி வேறு, மேடைப் பேச்சு வேறு. கை நீட்டிய இடம் ஒன்றே.

ஓட்டில் சமத்துவம், வாழ்வில் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டை நெடுநாள் விட்டுவைத்தால் ஜனநாயகமே ஆபத்தில் சிக்கும் என்று அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். நம் கதையைப் பாருங்கள். பிழைப்பு இங்கே, பலருக்கு ஓட்டு ஊரில். போய்வர நாலு நாள் கூலி நட்டம். வெளியூரில் இருப்போர் இருந்த இடத்திலேயே ஓட்டுப் போட 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் ஓர் இயந்திரத்தைக் காட்ட முன்வந்தது, கட்சிகள் பலவும் எதிர்த்தன, அதோடு நின்றது. இயந்திரத்தின் மேல் சந்தேகம் நியாயமாகவே இருக்கட்டும். வேறு வழி காண எந்தக் கட்சி தெருவில் இறங்கியது? கோடிப் பத்திரம் தருபவன் கேட்டிருந்தால் இப்படிக் கிடப்பில் கிடக்குமா?

பத்திரம் ஒழிந்தாலும் கம்பெனிப் பணம் தேர்தல் அறக்கட்டளைகள் வழியே கட்சிகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நம் சங்கத்தில் பத்து ரூபாய்ச் சந்தாவுக்கும் ரசீது உண்டு. மாதக் கூட்டத்தில் கணக்குப் படிக்கிறோம். ஓட்டுக் கேட்டு வருவோரிடம் அதே கணக்கைக் கேளுங்கள். எந்தக் கட்சி எவ்வளவு பெற்றது என்ற பட்டியலைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும்.