காது இரைச்சலும் விமானப் பயணமும்



மிலான் தோல் கண்காட்சிக்கு ஆம்பூர், ராணிப்பேட்டையிலிருந்து செல்பவர்களில், தோல் ஆலையின் டிரம்முக்கும் ஷேவிங் இயந்திரத்துக்கும் அருகே ஆண்டுக்கணக்கில் நின்றவர்களும் உண்டு. அவர்களில் காது இரைச்சல் உள்ளவருக்குப் பயணம் முழுக்கப் பஞ்சு அடைத்துக்கொள்ளத் தோன்றும். அது வேண்டாம். வெளி ஓசை குறையக் குறைய உள்ளிரைச்சல்தான் தூக்கலாகக் கேட்கும்; என்ஜினின் சீரான உறுமல் அதைப் பெரும்பாலும் மறைக்கவே செய்கிறது. சத்தத்தால் வந்த கோளாறுக்குச் சத்தமே துணையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் செவியைக் கெடுப்பது சத்தத்தின் அளவும் நேரமும் சேர்ந்து. பணியிடங்களுக்குப் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். பறக்கும் விமானத்துக்குள் ஏறக்குறைய 80 முதல் 85தான். அடிக்கடி நெடுந்தூரம் பறப்பவர் இறக்கைக்கு முன்னுள்ள இருக்கையைக் கேட்டு வாங்கலாம். இரைச்சல் குறைக்கும் ஹெட்போனில் மெல்லிய இசை கேட்கலாம். இறங்கும்போது வரும் காதடைப்பு வேறு சங்கதி, அது காற்றழுத்த மாற்றத்தால் வருவது. எச்சில் விழுங்கினாலே பலருக்கு விலகும். கடும் சளி இருந்தால் மருத்துவரைக் கேட்டுப் புறப்படுங்கள்.

உண்மையான ஆபத்து தொழிற்கூடத்தில். சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு, 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இடம்பெற்றிருந்தது. தோல் ஆலைகள் தொழிலாளரின் செவித்திறனை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.

— வாசகர், ஆம்பூர்