ஹீட்டர் வழங்கினால் மட்டும் போதுமா?

குளிர்காலம் வந்தாலே தில்லியின் காற்று மாசு குறித்த விவாதம் சூடுபிடித்து விடுகிறது. நாடாளுமன்றத்திலும் அது எதிரொலிக்கிறது. ஆனால், நடுங்கும் குளிரில் இந்நகரின் சாமானியர்கள் எதைக் கொண்டு குளிர் காய்கிறார்கள் என்ற கேள்வி அந்த விவாதங்களில் அதிகம் எழுவதில்லை. 2006 ஜனவரியில் 0.2 டிகிரி செல்சியஸ், 2021 புத்தாண்டு தினத்தில் 1.1 டிகிரி என வெப்பநிலை இறங்கிய நகரம் இது.

தேசியத் தலைநகர்ப் பகுதியில் காற்றின் தரம் கெடும்போது நடைமுறைக்கு வரும் படிநிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஓர் அம்சம் உண்டு. விறகும் குப்பையும் எரிக்கப்படுவதைத் தவிர்க்க, காவலாளிகள் உள்ளிட்ட பணியாளர்களுக்குக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் மின்சார ஹீட்டர் வழங்க வேண்டும் என்பதே அது. நல்ல நோக்கம்தான். ஆனால், அந்த ஹீட்டரை எங்கே, எப்படி இணைப்பது என்பதையும் யாராவது கவனித்தாக வேண்டும்.

2,000 வாட் ஹீட்டர் ஒன்று ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். விளக்குக்கும் செல்போன் சார்ஜருக்கும் பயன்படும் சாதாரண பிளக் பாயின்ட்டோ 6 ஆம்பியருக்கானது. காவலாளியின் தகரக் கூண்டிலும், வாடகைக் குடியிருப்பின் ஒற்றை அறையிலும் மெல்லிய கம்பி கொண்ட எக்ஸ்டென்ஷன் பெட்டிதான் கதி. கம்பி சூடேறி உருகினால், அருகிலிருக்கும் ரஜாயோ திரைச்சீலையோ தீப்பற்ற அதிக நேரம் ஆகாது.

மின்சாரம் கட்டுப்படியாகாதவர்களின் நிலை இன்னும் மோசம். 2 கிலோவாட் ஹீட்டர் இரவில் எட்டு மணி நேரம் இடைவிடாது எரிந்தால் 16 யூனிட் செலவாகும். 200 யூனிட் வரை கட்டணமில்லை என்று தில்லி அரசு 2019-இல் அறிவித்த சலுகையின் அளவு, இந்தக் கணக்கில் இரண்டு வாரங்களுக்குக்கூடத் தாங்காது. எனவே, நம் ஊர் குமுட்டி அடுப்பைப் போன்ற அங்கீட்டியில் கரியை மூட்டி, கதவை அடைத்துக்கொண்டு உறங்குகிறார்கள். அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் பிணைந்துகொள்ளும் அந்த வாயு, உறங்குபவரை விழிக்க விடுவதில்லை. ஆண்டுதோறும் குடும்பங்களே இவ்வாறு பலியாகும் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ஹீட்டரை, எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் சுவர் பிளக்கில் நேரடியாகப் பொருத்த வேண்டும். படுக்கையிலிருந்தும் துணிகளிலிருந்தும் மூன்றடியாவது தள்ளி வைக்க வேண்டும். உறங்கும் முன் அணைத்துவிட வேண்டும். கரியோ எரிவாயுவோ எரியும் அறையில் காற்றோட்டம் இருக்க வேண்டும். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கவே கூடாது.

ஆனால், எச்சரிக்கை வாசகங்களால் பழைய மின்கம்பிகள் மாறிவிடாது. ஹீட்டர் வழங்கச் சொல்லும் அரசு, அதற்கேற்ற மின் இணைப்பையும் கட்டாயமாக்க வேண்டும். குளிர்காலம் தொடங்கும் முன்பே அதைத் தணிக்கை செய்ய வேண்டும். வாடகைக் குடியிருப்புகளின் உரிமையாளர்களுக்கும் இந்தப் பொறுப்பு உண்டு. நகரின் காற்றைக் காப்பதற்கான உத்தரவு, அதற்காக இரவெல்லாம் கண்விழிக்கும் காவலாளியின் உயிரையும் காக்க வேண்டாமா?