ஃபார்ம் நிரப்பினோம், ரிசல்ட் எங்கே?

ஒரு செமஸ்டருக்குள்ள உங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புக்கு எத்தனை கூகுள் ஃபார்ம் வருதுன்னு எண்ணிப் பார்த்திருக்கீங்களா? மாணவர்களின் மன அழுத்தம், மொபைலும் தூக்கமும், பிளேஸ்மென்ட் பயம் என்று தலைப்பு மட்டும் மாறும். "எல்லாரும் ஃபில் பண்ணுங்கப்பா, மேடம் கேக்குறாங்க" என்று சிஆர் ஒரு மெசேஜ் போடுவார். நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வட்டம். பஸ் வருவதற்குள் நடு வட்டத்தையே வரிசையாகத் தட்டி சப்மிட் கொடுப்பவர்கள்தான் அதிகம். அந்தத் தகவல் எங்கே போச்சு, என்ன கண்டுபிடிச்சாங்க? யாருக்கும் தெரியாது.

நான் சொல்ல வருவது இதுதான். மனித நடத்தையைப் பற்றி ஆய்வு செய்யும் பேராசிரியர்கள் யாரிடம் தகவல் வாங்குகிறார்களோ, அவர்களிடம் அந்த ஆய்வு திரும்பி வர வேண்டும். வராத ஆய்வு பாதி ஆய்வுதான்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. பிஎச்க்யூ-9 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்கிறது. டாக்டர் எதிரே உட்கார்ந்து கேட்டால் அது நல்ல கேள்வி. பெயர் இல்லாத கூகுள் ஃபார்மில் கேட்டால்? ஒருத்தர் உண்மையாகவே "கிட்டத்தட்ட தினமும்" என்று தட்டினால் என்ன நடக்கும்? எக்செல் ஷீட்டில் ஒரு செல்லில் 3 என்று விழும். அடுத்து சராசரி போடுவார்கள். தட்டியவர் ஹாஸ்டல் ரூமில் அப்படியேதான் இருப்பார்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. கேலிபரேட் செய்யாத சென்சாரில் ரீடிங் எடுத்தால் லேபில் அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து கிடைக்குமா? முக்கியமான உளவியல் இதழ்கள் சிலவற்றை ஆராய்ந்து 2008-ல் வந்த ஒரு கட்டுரை, ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் சுமார் 96 சதவீதம் பேர் மேற்கத்திய தொழில்மய நாட்டுக்காரர்கள் என்றது. அந்த நாடுகளில் வாழ்வது உலக மக்கள்தொகையில் 12 சதவீதம்தான். அங்கே உருவான அளவுகோலை அப்படியே ஆங்கிலத்தில் நம்ம குரூப்பில் போடுகிறோம். "மனசே சரியில்ல", "ஒரு மாதிரி இருக்கு", "எதுலயும் பிடிப்பு இல்ல" என்று பேசுகிற நமக்கு அந்த ஐந்து வட்டத்தில் எது பொருந்தும்?

வேறு மாதிரி செய்ய முடியும் என்பதற்கு ஜிம்பாப்வே சாட்சி. அங்கே ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்று ஒரு சொல் உண்டு. அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது என்று அர்த்தம். விக்ரம் படேலும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990-களில் தலைநகர் ஹராரேயில் நோயாளிகள் தங்கள் வேதனையைச் சொல்லும் சொற்களைக் கொண்டே 14 கேள்விகள் உள்ள ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். ஆம், இல்லை என்று சொன்னால் போதும்.

பிறகு டிக்சன் சிபாண்டா வந்தார். நாட்டில் விரல் விட்டு எண்ணக்கூடிய மனநல மருத்துவர்களில் ஒருவர். அவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண், ஆஸ்பத்திரிக்கு வர பஸ் காசு இல்லாமல் வீட்டிலேயே இருந்து, தற்கொலை செய்துகொண்டார். நோயாளி டாக்டரைத் தேடி வர வேண்டும் என்ற ஏற்பாடே தப்பு என்று சிபாண்டாவுக்குப் புரிந்தது. 2006-ல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிகளோடு தொடங்கினார். கிளினிக் வாசலில் ஒரு மர பெஞ்ச், அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி, பக்கத்தில் பேச வந்தவர். அவர் முதலில் வைக்க நினைத்த பெயர் 'மனநல பெஞ்ச்'. அந்தப் பெயர் இருந்தால் ஒருத்தரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று சொன்னவர்கள் பாட்டிகள்தான். 'நட்பு பெஞ்ச்' ஆனது.

நல்ல கதை என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்து முறையான சோதனை நடத்தி 2016-ல் ஜாமா இதழில் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 49.9 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்ச்சில் பேசியவர்களில் 13.7 சதவீதம் பேருக்குத்தான் இருந்தன. பேப்பரும் வந்தது, பெஞ்ச்சும் அங்கேயே இருக்கிறது.

அதே விக்ரம் படேல் 1996-ல் கோவாவில் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய அமைப்பு சங்காத். அங்கேயும் டாக்டர் அல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பலன் தெரிந்தது, தனியார் கிளினிக்குகளில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டையும் சேர்த்தே 2010-ல் வெளியிட்டார்கள். எனக்கு இந்த நேர்மை பிடிச்சிருக்கு.

"நம்ம புரொஃபசருக்கு எங்கே நேரம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கிளாஸ், பேப்பர் திருத்தம், அக்ரெடிடேஷன் ஃபைல், இதற்கு நடுவில் வருஷத்துக்கு இத்தனை பப்ளிகேஷன் என்ற கணக்கு. ரிசல்ட்டை மாணவர்களிடம் திரும்பிச் சொன்னதற்கு அப்ரைசலில் ஒரு மார்க்கும் கிடையாது. மார்க் இல்லாத கேள்வியை நாம் மட்டும் எழுதுகிறோமா? அதனால் குறை தனி ஆளிடம் இல்லை, கணக்கு போடும் முறையில் இருக்கிறது. எல்லா ஆய்வும் பெஞ்ச் போட வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

கேட்பது மூன்றுதான். ஒன்று, கேம்பஸில் தகவல் எடுத்த எந்த ஆய்வும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக நோட்டீஸ் போர்டுக்கோ இந்த இதழுக்கோ வரட்டும், அதை அப்ரைசலிலும் சேர்க்கட்டும். இரண்டு, ஃபார்ம் அனுப்பும் முன் பத்து மாணவர்களை உட்கார வைத்து, கேள்வி புரிகிறதா, நம் பேச்சில் இதை எப்படிச் சொல்வோம் என்று கேட்கட்டும். மூன்று, மனநலம் பற்றிய ஃபார்ம் என்றால் பதிலை அன்றைக்கே பார்க்க ஓர் ஆள் வேண்டும். கடைசிப் பக்கத்தில் கல்லூரி கவுன்சலரின் நேரமும், டெலி மானஸ் இலவச எண் 14416-ம் இருக்க வேண்டும்.

நம் பக்கமும் ஒன்று இருக்கு. இஷ்டமில்லை என்றால் நிரப்பாதீங்க, அது உங்க உரிமை. நிரப்பினால் படித்து நிரப்புங்க. அடுத்த ஃபார்ம் வரும்போது, "மேடம், இதோட ரிசல்ட்டை எங்களுக்கு எப்போ சொல்வீங்க?" என்று மரியாதையாக ஒரு வரி கேளுங்க. ஒருத்தர் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அறுபது பேர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகணும்.