ரோஷம் வந்தால் உடம்பு குறையுமா?

"ரோஷம் வந்தாத்தான் உடம்பு குறையும்." கல்யாணமாகிப் பத்துப் பதினைந்து வருஷம் கடந்த ஆண்கள் பலர் கூசாமல் சொல்லும் வசனம் இது. மனைவிக்கு உடம்பு போட்டுவிட்டது. அதற்கு அவளுடைய அலட்சியம்தான் காரணம். நாலு பேர் முன்னால் நறுக்கென்று சொன்னால் சுரணை வந்து இளைத்துவிடுவாள். இந்த மூன்றும் சேர்ந்து ஒரே நம்பிக்கையாக ஊரெல்லாம் உலவுகிறது. முதலாவது கண்ணால் பார்ப்பது, இருக்கட்டும். இரண்டாவது பொய். மூன்றாவது அக்கறை என்ற பெயரில் நடக்கும் கொடுமை.

நீலகிரியில் இந்த நம்பிக்கைக்கு ஒரு கிளையும் உண்டு: "மேடு ஏறி இறங்குறவங்களுக்கு எப்படி உடம்பு போடும்?" ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா வழியாக எமரால்டு போகும் சாலையில் இருக்கிறது இத்தலார். தேயிலைச் சரிவுகள், கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட தோட்டங்கள், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை. தெருவுக்குத் தெரு ஏற்றம், வீட்டுக்கு வீடு படி. இங்கே உடம்பு போட்ட பெண்ணின் மேல் விழும் சந்தேகம் இரட்டிப்பு. சமவெளிக்காரியாவது உட்கார்ந்தே இருந்தாள் என்று சொல்லித் தப்பிக்கலாம். இவளுக்கு அதுவும் இல்லை. "இலை எடுக்கப் போறா, மேடு ஏறுறா, அப்படியும் இப்படி இருக்கான்னா எவ்வளவு சாப்பிடுவா?" என்று தீர்ப்பு எழுதியாயிற்று.

அந்தத் தீர்ப்பைக் கணக்கோடு பார்ப்போம். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் இது 30.9 சதவீதம். ஐந்தாறு வருஷத்தில் ஏறக்குறைய பத்துப் புள்ளி ஏற்றம். அதற்குள் தமிழ்நாட்டுப் பெண்கள் பத்தில் ஒருவர் திடீரென்று சோம்பேறி ஆகிவிட்டார்களா? ஒரு மாநிலமே ஒரே திசையில் நகர்கிறது என்றால் காரணத்தைத் தனி ஆளின் குணத்தில் தேடுவது அறியாமை.

அதே கணக்கெடுப்பில் ஆண்களின் விகிதம் என்ன தெரியுமா? 37 சதவீதம். முன்பு 28.2. பெண்களுக்கும் ஆண்களுக்கும் இடையே மூன்று புள்ளிதான் வித்தியாசம். ஆனால் ஆணுக்குத் தொப்பை விழுந்தால் "கல்யாணச் சாப்பாடு நல்லா ஒத்துக்கிச்சு" என்று தட்டிக்கொடுக்கிறோம். பெண்ணுக்கு இடுப்பு பெருத்தால் "கவனிச்சுக்கவே மாட்டேங்கிறா" என்கிறோம். இந்தியர்களுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் இடுப்புச் சுற்றளவு எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. மனைவியை எடை மெஷினில் ஏறச் சொல்கிற கணவன்மார் முதலில் தையல்காரரின் அளவு நாடாவைத் தங்கள் வயிற்றைச் சுற்றிப் போட்டுப் பார்க்கட்டும். பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

இனி, உடம்பு எப்படிப் போடுகிறது என்று பார்ப்போம். குளிர் ஊர் என்பதால் டீக்குக் கணக்கே கிடையாது. விழித்ததும் ஒன்று, தோட்டத்துக்குக் கிளம்பும்போது ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மதியத்துக்குப் பிறகு ஒன்று, யாராவது வந்தால் அவர்களோடு ஒன்று. டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் ஐந்து டீயில் 50 கிராம், 200 கலோரி. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 25 கிராம் அளவோடு நிறுத்துவது நல்லது என்கிறது. டீயோடு வர்க்கி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கி நமக்குப் பெருமை சேர்த்த பண்டம்தான். ஆனால் அதன் அடிப்படை மைதாவும் கொழுப்பும். ஒரு காலத்தில் இந்த மலையில் சாமையும் ராகியும் விளைந்தன, அவையே தட்டிலும் இருந்தன. அந்த நிலம் தேயிலைக்கும் காய்கறிக்கும் போயிற்று, தட்டு ரேஷன் அரிசிக்குப் போயிற்று. பசியைப் போக்கிய அரிசியைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மூன்று வேளையும் அதுவே என்றாகிவிட்ட பிறகு விளைவும் வரத்தானே செய்யும்? 2023-இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் அட்டைக்கு இரண்டு கிலோ ராகி கொடுக்க அரசு முடிவு செய்தது. சிக்கல் வாய்க்கட்டுப்பாட்டில் இல்லை, தட்டில் இருக்கிறது என்பது அரசாங்கத்துக்கே புரிந்திருக்கிறது. வீட்டுக்காரருக்குப் புரியவில்லை.

அந்தத் தட்டில் என்ன விழ வேண்டும் என்று முடிவு செய்வது யார்? சமைப்பது அவள், சரி. எதைச் சமைப்பது என்பது அவருடைய நாக்கு. ராகிக் களி கிண்டினால் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறவர் அவர். ராத்திரி பரோட்டாப் பொட்டலத்தோடு வருகிறவரும் அவரே. எல்லோரும் உண்டு முடித்தபின் கடைசியாக உட்கார்ந்து, சட்டியில் ஒட்டியிருப்பதையும் பிள்ளைகள் மிச்சம் வைத்ததையும் வீணாக்க மனமில்லாமல் வழித்துப் போட்டுக்கொள்கிறவள் அவள். அப்புறம் எடை கூடியதற்குக் குற்றவாளி மட்டும் அவளாம்.

கணவன், மனைவி உடம்புகள் சேர்ந்தே மாறுகின்றன என்பதற்கு ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் பல்லாண்டு சேர்த்த தகவல்களை வைத்து கிறிஸ்டாகிஸும் ஃபவுலரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தம்பதியில் ஒருவருக்கு உடல் பருமன் வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு 37 சதவீதம் கூடியது தெரிந்தது. ஒரே அடுப்பு, ஒரே நேரம், ஒரே சோபா. உடம்பு போடுவது ஆள் கணக்கில் வருவதில்லை, வீட்டுக் கணக்கில் வருகிறது.

இதையும் மீறி ஒருவர் மட்டும் பெருக்கிறார் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம். பிள்ளைப்பேற்றில் ஏறிய எடை இறங்காமல் நின்றிருக்கலாம். மாதவிடாய் நிற்கும் வயதாக இருக்கலாம். சர்க்கரைக்குப் போடும் இன்சுலின், மூச்சிரைப்புக்கும் மூட்டுவலிக்கும் தொடர்ந்து எடுக்கும் ஸ்டீராய்டு, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் எல்லாமே எடையைக் கூட்டக்கூடியவை. தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். அதற்கு அழைத்துப் போகாதவர்தான் பந்தியில் பேசுகிறார்.

அந்தப் பந்தியைப் பாருங்கள். கல்யாண வீடு, வரிசையாக இலை. பரிமாறும் பையன் இனிப்போடு வருகிறான். பக்கத்து இலையிலிருந்து கணவர் குரல் கொடுக்கிறார்: "அக்காவுக்கு வைக்காதப்பா, ஏற்கனவே ரெண்டு ஆள் வெயிட்டு." வரிசையே சிரிக்கிறது. அவளும் சிரிக்கிறாள், சிரிக்காவிட்டால் "விளையாட்டுக்குச் சொன்னதுக்குப் போய்" என்று அடுத்த குற்றச்சாட்டு வரும். பாதியில் இலையை மூடுகிறாள். வீடு திரும்பி எல்லோரும் படுத்தபின் அடுக்களையில் விளக்குப் போடாமல் வர்க்கி டப்பாவைத் திறக்கிறாள். ரோஷம் வந்துவிட்டதுதான். அது எங்கே போய் முடிகிறது என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி 2014-இல் வெளியிட்ட ஆய்வு, இங்கிலாந்தில் ஐம்பது வயதைத் தாண்டிய 2,944 பேரை நான்கு ஆண்டு இடைவெளியில் எடை பார்த்தது. எடையைக் காரணமாக வைத்துத் தங்களை இழிவாக நடத்தினார்கள் என்று சொன்னவர்கள் சராசரியாக 0.95 கிலோ கூடியிருந்தார்கள். அப்படி எதுவும் நடக்காதவர்கள் 0.71 கிலோ குறைந்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்விலும் இதே திசைதான்: எடைக்காக அவமதிக்கப்பட்டவர்கள் பின்னாளில் உடல் பருமனுக்கு ஆளாகும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. இவை கணவன் சொல்லை மட்டும் தனியே அளந்தவை அல்ல. ஊர் சொல், அலுவலகச் சொல் எல்லாம் சேர்ந்தது. தெருவில் போகிறவன் சொன்னாலே இந்தப் பாடு என்றால், தினமும் ஒரே கூரைக்குள் இருக்கிறவர் சொன்னால்?

"கட்டுப்பாடு இருந்தால் குறைக்கலாமே" என்பது அடுத்த வாதம். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் ஆய்வாளர்கள் 2011-இல் காட்டியது இது: எடையைக் குறைத்து ஓராண்டு கழித்தும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இழந்ததை மீட்கவே உடம்பு துடிக்கிறது. 2025-இல் மௌஞ்சாரோ, வெகோவி என்ற ஊசி மருந்துகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. குடல் ஹார்மோன்களைப் போல வேலை செய்து பசியைத் தணிப்பவை. மருத்துவர் பார்த்துத் தர வேண்டிய மருந்துகள் அவை, விளம்பரம் செய்வது என் வேலையில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன்: ஊசி போட்டு அடக்க முடிகிற பசி, ஒழுக்கக் குறைவாக எப்படி இருக்க முடியும்?

இங்கே நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. "சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி எல்லாம் வருமே, அதற்காகக்கூட வாய் திறக்கக் கூடாதா? எனக்கு ஈர்ப்புக் குறைந்துவிட்டது என்றால் அதையும் மூடி மறைக்க வேண்டுமா?" வாயை மூடச் சொல்லவில்லை. உடம்பு கூடினால் நோய் கூடும் என்பது உண்மை. "எப்படி இருந்தாலும் அழகுதான்" என்று மழுப்புவதும் அக்கறை ஆகாது. ஆனால் நோயைப் பற்றிப் பேசுகிறவர் நோயைப் பற்றிப் பேசட்டும். "முட்டி வலிக்குதுன்னு சொன்னியே, வா, ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாம்" என்பது ஒரு பேச்சு. "பீப்பாய்" என்பது வேறு. மூன்றாவது ஆள் இருக்கும்போது சொல்வது எதுவும் மருத்துவ அக்கறை ஆகாது. அது கூட்டத்துக்குப் போடும் வேஷம். ஈர்ப்பு விஷயமும் அப்படியே. இருபது வருஷத்தில் அவருக்கு முடி கொட்டியிருக்கிறது, குறட்டை கூடியிருக்கிறது, வயிறு முன்னால் வந்திருக்கிறது. அவளுடைய ஈர்ப்பைப் பற்றி இதுவரை யாராவது விசாரித்தார்களா?

அமெரிக்காவில் புதிதாகக் கல்யாணமான 169 தம்பதிகளை நான்கு ஆண்டு தொடர்ந்து பார்த்து ஆண்ட்ரியா மெல்ட்சரின் குழு 2013-இல் வெளியிட்ட முடிவு பலரை வியக்க வைத்தது. கல்யாணத்தில் நிறைவாக இருந்தவர்களே அதிகம் எடை போட்டார்கள். பிரிவைப் பற்றி யோசித்தவர்கள் அவ்வளவு எடை போடவில்லை. "என்னைக் கவரணும்ங்கிற நினைப்பே போயிடுச்சு" என்று குமுறுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். அவள் உங்களை நம்பி அமர்ந்திருக்கிறாள். அந்த நம்பிக்கைக்கா இந்தத் தண்டனை?

இந்தக் கேலி படித்தவர், படிக்காதவர் பார்த்து வரும் வியாதியும் இல்லை. 2025 நவம்பரில் சென்னையில் 'அதர்ஸ்' படத்தையொட்டிக் கதாநாயகனிடம், நாயகியைத் தூக்கினீர்களே, எடை எப்படி இருந்தது என்ற பாணியில் கேள்வி வந்தது. நாயகி கௌரி கிஷன் சும்மா இருக்கவில்லை. செய்தியாளர் சந்திப்பிலேயே எதிர்த்துக் கேட்டார். கேள்வி போன திசையைக் கவனியுங்கள்: எடை அவருடையது, கேட்டது ஆணிடம். பெண்ணின் உடம்புக்குப் பதில் சொல்லும் உரிமையாளர் பக்கத்தில் நிற்கும் ஆண் என்ற அதே எண்ணம்தான் பந்தியிலும் பேசுகிறது. 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், கணவனின் அண்ணன் மனைவி ஒரு பெண்ணின் உடலமைப்பைக் கேலி செய்ததாகத் தொடரப்பட்ட வழக்கை ரத்து செய்ய மறுத்தது; திருமணமான பெண்ணை இப்படி இழிவுபடுத்துவது முதல் நோக்கில் கொடுமை என்ற வரையறைக்குள் வரும் என்றது. விளையாட்டுக்குச் சொன்னேன் என்ற சமாதானம் இனிச் செல்லாது.

இத்தலார்க்காரர்களுக்கு நீதிமன்றமும் லண்டனும் தேவையில்லை. 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல், இந்த மலையின் படுகர்கள் நடத்தும் கண்ணிச் சடங்கைப் பதிவு செய்திருக்கிறது. முதல் பிள்ளையைச் சுமக்கும் ஏழாம் மாதத்தில், உறவினர் கூடியிருக்க, மாமனாரிடம் அனுமதி கேட்டு, கணவன் மனைவியின் கழுத்தில் நூல் அணிவிப்பான். வயிறு பெருத்து, நடை மாறி, முகம் ஊதிய நாளில்தான் இந்த மலை ஆணை "இவள் என்னுடையவள்" என்று சபையில் சொல்ல வைத்தது. மாறப்போகும் உடம்பை ஏற்றுக்கொண்டுதான் உறவு உறுதியானது. அந்த மரபில் வந்தவர்கள் மூன்றாவது பிரசவத்துக்குப் பின் மாறிய உடம்பைப் பார்த்து முகம் சுளிப்பது என்ன நியாயம்?

செய்ய வேண்டியவை ஒன்றும் மர்மமல்ல. சர்க்கரை டப்பாவை இருவருக்கும் சேர்த்துக் குறையுங்கள். ரேஷன் ராகியைக் கோழிக்குப் போடாமல் நீங்களே முதல் உருண்டையைக் கேளுங்கள். அவளும் உங்களோடு ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும். மிச்சத்துக்கு அவள் வயிறு குப்பைத்தொட்டி இல்லை. ஆறு மணிக்கு மேல் அவள் நடக்கப் போக வேண்டுமென்றால் அடுப்பை யாராவது பார்க்க வேண்டும். அந்த யாராவது நீங்கள்தான். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடி வருகிறார்கள். இருவரும் சேர்ந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனையும் செய்து அவள் ஐந்து கிலோ குறையலாம், ஒன்றும் குறையாமலும் போகலாம். ஆனால் இருவர் ரத்தத்திலும் சர்க்கரை இறங்கும், மூச்சு வாங்காமல் மேடு ஏற முடியும். எடை மெஷினின் முள்ளைவிட அது பெரிய லாபம்.

இதில் ஒன்றைக்கூடச் செய்ய மனமில்லாதவருக்கு அவள் உடம்பைப் பற்றிப் பேச உரிமையும் இல்லை. அடுத்த பந்தியில் அவள் இலைக்கு இனிப்பு வரும்போது, பேசாமல் உங்கள் இலையைப் பார்த்துச் சாப்பிடுங்கள்.