பாட்டியின் வாயை ஒருமுறை பாருங்கள்

வெற்றிலைத் தட்டு இல்லாமல் நம் வீடுகளில் நல்ல காரியம் எதுவும் நடப்பதில்லை. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. தட்டில் இருக்கும் வரை வெற்றிலை மங்கலப் பொருள்தான். பாக்கோடும் சுண்ணாம்போடும் சேர்ந்து கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே மணிக்கணக்கில் கிடக்கும்போதுதான் அது வேறு வேலை பார்க்கிறது. குளுவாங், லாபிஸ், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டிமார்களும், ஜொகூர் பாருவில் மகன் வீட்டோடு வந்து தங்கிவிட்டவர்களும் இதைக் கேட்க வேண்டும். படிக்க முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் படித்துக் காட்டுங்கள்.

மலேசிய மக்களில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்தான். ஆனால் வாய்ப் புற்றுநோய்க் கணக்கில் இந்தியர்கள்தான், அதிலும் நம் பெண்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். இது புதுச் செய்தியும் அல்ல. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் ஓர் என்பவர், வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933-லேயே லண்டன் 'லான்செட்' சஞ்சிகையில் எழுதினார். கப்பலேறி வந்த நம் முன்னோர்களோடு அந்தப் பழக்கமும் வந்தது. 1960-இல் 'மலாயாவில் வெற்றிலைப் புற்றுநோய்' என்ற தலைப்பிலேயே இங்குள்ள மருத்துவ இதழில் கட்டுரை வந்துவிட்டது.

"நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று சிலர் சொல்வார்கள். 1985-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவும் புகையிலை சேர்ந்த வெற்றிலையைத்தான் குற்றம் சொன்னது. 2004-இல் வந்த அதன் அறிக்கையோ, புகையிலை இல்லாத வெற்றிலையும் புற்றுநோய் தரும், பாக்கே தரும் என்று சொல்லிவிட்டது. பாக்கு கன்னத்துச் சதையை நாராக இறுக்கியும் விடும். முதலில் மிளகாய்க் காரம் தாங்காது. பிறகு வாய் திறப்பது குறையும். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விட முடியவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இந்த நோயின் பெரிய சூது என்ன தெரியுமா? ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்காத புண்ணுக்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்! அங்கேதான் கெட்டுப் போகிறது. பட்டாணி அளவில் இருக்கும்போது போனால், அதை வெட்டி எடுத்துத் தையல் போட்டுச் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தாடை எலும்புவரை போன பிறகு போனால், எலும்பில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும், கழுத்து நெறிகளை எடுக்க வேண்டும், மார்பிலிருந்தோ கையிலிருந்தோ சதை எடுத்துக் கன்னத்தை மூட வேண்டும். அதன்பின் கதிர்வீச்சும் உண்டு. முகம் பழைய முகமாக இருக்காது.

சீக்கிரம் பார்த்தால் உயிர் தப்புமா என்பதைத் திருவனந்தபுரத்தில் சோதித்தே பார்த்தார்கள். 1996-இல் தொடங்கிப் பதின்மூன்று பஞ்சாயத்துகளில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஏழு பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள். மற்ற ஆறில் வழக்கம்போல் விட்டுவிட்டார்கள். 2005-இல் வந்த முடிவு: புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களில், வாய் பார்க்கப்பட்டவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பழக்கம் இல்லாதவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. பார்க்க வேண்டியது யாரை என்பதும் இதிலேயே தெரிகிறது.

பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரி அறுவை மருத்துவர்கள் இன்னொன்றைச் சோதித்தார்கள். ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோய்க்கு, வாய்ப் புண்ணை எடுக்கும்போதே கழுத்து நெறிகளையும் எடுப்பதா, வீங்கும்வரை காத்திருப்பதா? 500 நோயாளிகளின் கணக்கை 2015-இல் வெளியிட்டார்கள். உடனே எடுத்தவர்களில் மூன்று ஆண்டுக்குப் பின் நூற்றுக்கு 80 பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்தவர்களில் 67 அல்லது 68 பேர்தான். ஆகவே, "புண் சின்னதாக இருக்கிறதே, கழுத்தில் எதற்குக் கத்தி?" என்று டாக்டரோடு வாதாட வேண்டாம்.

சிறு துண்டு எடுத்துச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்ற பேச்சும் நம்மிடையே உண்டு. அது வீண் பயம். அந்தத் துண்டைப் பார்க்காமல் எது புற்று, எது சாதாரணப் புண் என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நம் சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவும் 1997-இல் வாய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கி, அதிக ஆபத்துள்ளவர்களில் தோட்டத்து இந்தியர்களையும் சேர்த்தது. "பல்லே இல்லாதவளுக்கு எதற்குப் பல் டாக்டர்?" என்று ஒதுங்கும் பாட்டிதான் முதலில் போக வேண்டியவர். பல் போன பிறகு உரலில் இடித்துப் போட்டுக்கொள்பவரும், இரவில் கன்னத்தில் அடக்கியபடியே தூங்குபவரும் அவர்தானே.

வீட்டிலேயே பார்க்கலாம், மருமகளே. மாமியாரை வாய் கொப்பளிக்கச் சொல்லி வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். டார்ச் விளக்கு அடித்து, வெற்றிலை அடக்கும் பக்கத்துக் கன்னத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும், இரு ஓரங்களிலும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட்டுப்போலச் சிவந்த திட்டு, தடித்த கட்டி, கழுத்தில் நெறி, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அங்கிருந்து சுல்தானா அமினா போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். முகப்பில் இருப்பவரிடம் "லூக்கா டாலாம் மூலுட், டுவா மிங்கு தா பாய்க்" என்று சொன்னால் போதும்.