நிற்கும்போது நடுங்கும் வண்டி

பசுமலை வழியே திருப்பரங்குன்றம் செல்லும் சாலையில், நெரிசலில் நிற்கும் பழைய அம்பாஸடர் கார் குலுங்குவதை இன்றும் எப்போதேனும் காண்கிறோம். 1958 முதல் 2014 வரை உத்தரபாராவில் உருவான அவ்வண்டியின் என்ஜினில் நான்கு சிலிண்டர்கள். ஒன்று சோர்ந்தாலும் வண்டி முழுவதும் நடுங்கும். ஓட்டத்தில் மறையும் குறை, நிற்கையில் வெளிப்படும்.

உடனே கார்புரேட்டரை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டா. தேர்ந்த மெக்கானிக், ரப்பர் உறையிட்ட குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார். கழற்றியதும் நடுக்கம் மிகுந்தால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. மாற்றமே இல்லையெனில் குறை அங்கேதான். பிளக்கில் படிந்த கரியைத் துடைத்து, இடைவெளியைச் சரிசெய்வதே சில வேளை போதும்.

இல்லறமும் அவ்வாறே. அன்றாட ஓட்டத்தில் மறைந்த மனத்தாங்கல், செபமாலைக்கு அமரும்போது புலப்படும். குடும்பத்தையே குறைகூறுமுன், சோர்ந்திருப்பவர் யாரென ஒவ்வொருவராய்க் கேட்டறிவோம். படிந்த கரியை அன்போடு துடைப்போம்.